ஆளுக்கு முன்னால் கிளம்பிய ஜாக்கெட்

மோருப் அடுப்படியில் ஆறு போட உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. தரையில் நீளமாகச் சாம்பலைக் கொட்டி விரலால் வளைத்து வளைத்து இழுப்பான். அதுதான் ஸன்ஸ்கார் ஆறு. தலைமாட்டில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தால் அது 'படும்' என்கிற ஊர். கால்மாட்டில் அம்மாவின் தேநீர்க் குடுவையை நிறுத்தினால் அது சில்லிங் ஊர். இடையில் அலை அடிக்கும் இடத்துக்கெல்லாம் கூழாங்கல். படகுக்கு வாதுமைப் பழத்தின் கொட்டை. கொட்டைகளை நகர்த்தி நகர்த்தி, முதல் ராத்திரி எந்தக் கரை, எந்த அலைக்கு முன்னால் ஒதுங்கி இறங்கிப் பார்ப்பது, எவன் முன்னால், எவன் பின்னால் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

"நடக்கிற வழியில ஆத்தப் போட்டு வச்சிருக்கான். மிதிச்சா என் மேல பாய்வான்" என்று அம்மா வறட்டிக் கூடையோடு சுவரை ஒட்டி ஒட்டிப் போவாள்.

வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான் இது. ஆனால் இந்த வருஷம் முன்னால் போகிற சின்னக் கொட்டை மோருப் இல்லை. வசந்தத்தில் வாய்க்காலில் விழுந்த மாட்டைத் தூக்கப் போய் அவனுடைய வலது தோள் கழன்று வந்துவிட்டது. லே ஊர் டாக்டர் அதைத் தள்ளி உள்ளே மாட்டிவிட்டு, இந்தப் பருவம் முழுக்கத் துடுப்பைத் தொட்டால் அடுத்த முறை என்னிடம் வராதே என்று சொல்லி அனுப்பினார். ஆகவே பெரிய ரப்பர் படகுகளுக்கு முன்னால் கயாக் என்கிற ஒற்றையாள் படகில் போய், வழி பார்த்து, கவிழ்ந்து விழுகிறவர்களைப் பொறுக்கியெடுக்கிற வேலை தம்பி பல்ஜோருக்கு வந்தது.

வந்தது என்ன வந்தது, மோருப்தான் இழுத்துக் கொடுத்தான். பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் படகுக் கம்பெனி முதலாளியும் வந்திருந்தார். பார்லிக் கள் உள்ளே போன தைரியத்தில் மோருப், "என் கை போனா என்ன சார், என் தம்பி என்ன விட நல்லா ஓட்டுவான்" என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். அப்போது ஜூன் மாதம். ஆறு பச்சையாக, சாதுவாக, கையால் அள்ளிக் குடிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பல்ஜோர் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு தடவை இறங்கியவன்தான். இரண்டு தடவையும் தண்ணீர் வற்றிய செப்டம்பரில், அண்ணனுக்குப் பின்னால். முன்னால் போனது ஒரு தடவைகூட இல்லை.

அது என்ன மாதிரிப் பள்ளத்தாக்கு என்று இவர்கள் ஊரான பிட்மோவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊர் முடிகிற இடத்தில் அது தொடங்குகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மழை பார்க்காத வெறும் மண், ஒரு புல் கிடையாது. உள்ளே இறங்கியவன் அந்தப் பக்கம் சில்லிங்கில்தான் வெளியே வரலாம். நடுவில் மனசு மாறினால் ஏறி ஓட வழி இல்லை. நடுவிலே ஒரு கழுத்து இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆறு அங்கே ஒரு மாட்டுத் தொழுவத்தின் அகலத்துக்குச் சுருங்கிப் போகும். தண்ணீர் குறைவாக இருந்தால் சும்மா வழுக்கிக்கொண்டு போய்விடலாம். ஏறியிருந்தால் அங்கே ஆறு உள்ளுக்குள் சுழலும். அதில் மாட்டிய ஆளை அது எப்போது விடும் என்று அதற்கே தெரியாது.

போதாக்குறைக்கு, மேலே மலையைக் குடைந்து சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெடி வைத்த கல்லெல்லாம் உருண்டு ஆற்றில்தான் விழுந்தது. போன வருஷத்து அலை போன வருஷத்து இடத்தில் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? மோருப் அடுப்படியில் வைத்த கூழாங்கற்கள் எல்லாம் போன வருஷத்து ஆற்றுக்கு உரியவை.

பயணத்துக்கு நாள் குறித்தாயிற்று. விருந்தாளிகள் பெல்ஜியத்துக்காரர்கள். அவர்களுக்கு நல்ல நாளாவது கெட்ட நாளாவது. ஆனால் ஜோசியர் அந்த நாளைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார். "வியாழக்கிழமை வடக்கால போகவே கூடாது, அதுவும் தண்ணி வழி. முந்தின ஞாயிறு நல்லா இருக்கு, அன்னிக்குக் கிளம்பச் சொல்லு" என்றார். ஊரில் அதற்கொரு வழி எப்போதும் உண்டு. நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் ஆளுடைய பொருள் ஒன்று கிளம்பிப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை, போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரே ஒரு நிபந்தனை. கிளம்பிய பொருள் ஆளுக்கு முன்னால் வாசற்படி ஏறித் திரும்பக் கூடாது.

அம்மா ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸை எடுத்து வைத்திருந்தாள். மோருப்தான் கெடுத்தான்.

"என்னம்மா சாக்ஸ்? ஆத்துல போறவனுக்கு ஆத்துச் சாமான்தான் கிளம்பணும். லைஃப் ஜாக்கெட்ட அனுப்பு" என்றான்.

"சாக்ஸ் போதும்டா. உங்கப்பா கார்கில் போறப்பக்கூட சாக்ஸ்தான் போச்சு."

"அப்பா கார்கிலுக்கு நடந்து போனாரு, சாக்ஸ் சரி. இவன் என்ன நடந்தா போறான்?"

அம்மா சாக்ஸை மடித்து உள்ளே வைத்தாள். விவரம் தெரிந்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். பிரான்ஸிலிருந்து வந்த ஒருவர் மோருப்புக்கு விட்டுப்போன மஞ்சள் ஜாக்கெட் அது. தோள் கழன்ற பிறகு அதைப் பல்ஜோருக்கு அளவு பார்த்து, வார்களை வெட்டித் தைத்து, உடம்போடு ஒட்டுகிற மாதிரி செய்து கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் கழுத்தில் வெள்ளைச் சால்வைத் துணி கட்டி, பக்கத்து வீட்டு குன்ஸெஸ் அக்காவிடம் கொடுத்தார்கள். அவள் வீட்டுத் தூணில் அதை மாட்டி, ஒரு சிட்டிகை பார்லி மாவைத் தூவி, "நல்லபடியா போய் வாப்பா" என்று ஜாக்கெட்டிடம் சொன்னாள். பல்ஜோர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றைக்குப் பிடித்த வெயில்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. உச்சிப் பனியெல்லாம் உருகிக் கீழே வந்தது. ஆறு பச்சை மாறிப் பழுப்பாகி, அப்புறம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. ராத்திரியில் உள்ளே கல் உருள்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கரையோரம் ஆட்டுக்கல் என்று ஒரு பாறை. படுத்திருக்கிற ஆடு போலவே இருக்கும். அதன் முதுகு முழுகினால் யாரும் உள்ளே போவதில்லை. செவ்வாய்க்கிழமை மோருப் போய்ப் பார்த்தபோது ஆட்டைக் காணவில்லை.

பால் வண்டியில் தொற்றிக்கொண்டு படுமுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டான்.

"சார், தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. ஆட்டுக்கல்லு முழுகிப் போச்சு."

"எந்த ஆடு?"

"ஆடு இல்ல சார், எங்க ஊர்ல ஒரு கல்லு. அது முழுகினா யாரும் உள்ள இறங்க மாட்டாங்க. நாலு நாள் தள்ளிப் போடுங்க. வெயில் இறங்கட்டும்."

"மோருப், ஆளுங்க வந்து இறங்கியாச்சு. திரும்பிப் போற விமானத்துக்குச் சீட்டும் போட்டாச்சு. அவங்ககிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது, ஆடு முழுகிடுச்சு, ஊருக்குப் போங்கன்னா?"

"சார், நான் வெளயாடல."

"நானும் வெளயாடல. பெரிய படகு ஓட்டுற பீம் அங்கதான இருக்கான், பாத்துட்டான், போலாம்ங்கறான். உன் தம்பி சரின்னுட்டான். வேணாம்ங்கறது நீ ஒருத்தன். நீ போகப்போறதும் இல்ல. தோளப் பாத்துக்க."

போன் வைத்துவிட்டார். மோருப் கையில் இருந்த கருவியையே பார்த்துக்கொண்டு கடை வாசலில் நின்றான். முதலாளி சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

ஊருக்குத் திரும்பியபோது பல்ஜோர் கூரைமேல் உட்கார்ந்து துடுப்புக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். மோருப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பயமா இருக்காடா?"

"இருக்கு."

"அப்பப் போகாத."

பல்ஜோர் சிரித்தான். "நான் ஞாயித்துக்கெழமையே கிளம்பிட்டனேண்ணே. இந்நேரம் பாதி ஆறு தாண்டியிருப்பேன்."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன பேசற?"

"பின்ன என்ன பேசச் சொல்ற? என் தம்பி என்ன விட நல்லா ஓட்டுவான்னு கல்யாண வீட்ல கத்துனது யாரு? ஊரே கேட்டுச்சு. ஸாங்லாவுல எனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கீங்களே, அவங்க மாமன் உன் பக்கத்துல உக்காந்து கள்ளு ஊத்திக் குடுத்தான். இப்பத் தண்ணி ஏறிடுச்சுன்னு நான் அடுப்புக்குப் பின்னால போய் உக்காந்துக்கணுமா? அடுத்த வருஷம் எவன் என்னக் கூப்பிடுவான்? நீ மட்டும் இந்தத் தண்ணியில போகலையா?"

"போனேன். எனக்கு மேல அண்ணன் எவனும் இல்ல, வேணாம்னு சொல்றதுக்கு."

"இருந்திருந்தா கேட்டிருப்பியா?"

மோருப் எழுந்துகொண்டான். கேட்டிருக்க மாட்டான். அது அவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும்.

கடைசியில் அம்மாவிடம் போனான். ஒரு வழி இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. ஜாக்கெட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் பயணம் கலைந்துபோகிறது. கலைந்த பயணத்தில் போகாமல் நின்றவனை ஊரில் யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள், சகுனம் சரியில்லை, நின்றுவிட்டான் என்பார்கள். முதலாளிகூட முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார். அம்மா ஒரு வார்த்தை சரி என்றால் போதும்.

அம்மா கையிலிருந்த மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன பேசற நீ? கிளம்புன பொருள் ஆளுக்கு முன்னால படி ஏறினா ஆள் வரமாட்டான்டா."

"அவன் போகவே இல்லையேம்மா. போகாதவன் எப்படி வராம இருப்பான்?"

"போயிட்டான். நீதான அனுப்பி வச்ச. நான் சாக்ஸ் போதும்னேன்."

"சரி, அப்ப நீயே அவன்கிட்டப் போகாதன்னு சொல்லு. நீ சொன்னாக் கேப்பான்."

"நேத்தே சொன்னேன். என் கன்னத்தத் தட்டிட்டுப் போயிட்டான்." அம்மா மறுபடி கரண்டியை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "ஆத்த நான் என்ன பண்ண முடியும், சொல்லு? வாசப்படியத்தான் என்னால பாத்துக்க முடியும். அதையாவது நான் பாத்துக்கறேன். அந்த ஜாக்கெட்டு உள்ள வரக் கூடாது."

மூன்று பேருமே பயந்திருந்தார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நீ நிறுத்து, நீ நிறுத்து என்று இருந்தார்கள். பெரிய ஆற்றங்கரைக் குடும்பம், பேர் பெற்ற படகோட்டி வீடு. ஒரு ஜாக்கெட்டை நகர்த்த ஆள் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் மோருப் செய்ததை யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனுக்கு அது ரொம்ப யோசித்தது போலத்தான் இருந்தது. குன்ஸெஸ் அக்கா வயலுக்குத் தண்ணீர் விடப் போயிருந்தாள். அந்த ஊரில் கதவைப் பூட்டுகிற பழக்கம் இல்லை. உள்ளே போய்த் தூணிலிருந்து மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றினான். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அம்மாவின் வாசற்படிக்கு ஒன்றும் ஆகாது. குன்ஸெஸ் வீட்டுக் கூரையிலேயே குளிர்காலத்துக்கு அடுக்கியிருந்த காய்ந்த புல்லுக்குள், நல்ல கையால் ஆழமாகத் திணித்துவிட்டு இறங்கிவந்தான்.

அவன் நம்பியது அவனே போட்ட ஒரு சட்டத்தை. தன் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட் இல்லாத ஆள் கயாக்கில் இறங்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காக ஒரு தடவை நல்ல ஓட்டி ஒருவனையே கரையில் விட்டுவிட்டுப் போனவன் மோருப். பீம் அதைக் கண்ணால் பார்த்தவன். ஜாக்கெட் காணவில்லை என்றால் பீம் ஒரு தலையாட்டலில் பல்ஜோரை நிறுத்திவிடுவான். யாருக்கும் அவமானம் இல்லை. பயணம் முடிந்த பிறகு புல்லுக்குள்ளிருந்து ஜாக்கெட் கிடைத்தால், எலி இழுத்தது, பேய் இழுத்தது என்று ஊர் எதையாவது சொல்லிக்கொள்ளட்டும்.

படுமிலிருந்து பிட்மோ வரை ஆறு தட்டையாக வரும், தூங்கிக்கொண்டே வரலாம். அதனால் பல்ஜோர் ஊரிலேயே சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வியாழக்கிழமை படகுகள் மணலில் வந்து ஒதுங்கின. பெல்ஜியத்துக்காரர்கள் தொப்பியும் சிரிப்புமாக இறங்கி, ரொட்டி தின்று, பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். ஊர் வெள்ளைத் துணிகளோடு கரைக்கு வந்தது. பல்ஜோர் ஜாக்கெட்டை எடுத்துவரக் குன்ஸெஸ் வீட்டுக்குப் போனான்.

குன்ஸெஸ் அக்காதான் முதலில் ஓடிவந்தாள். தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"காணோம். தூண்ல மாட்டினது மாட்டினபடி இருந்துச்சு, நேத்துக் காலையிலகூடப் பாத்தேன். நம்பி வச்ச பொருள் என் வீட்ல காணாமப் போச்சுன்னா நான் எங்கம்மா போய் நிப்பேன்?"

அம்மா கரையிலிருந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊர் தனக்குள் பேச ஆரம்பித்தது. பீம் படகுக் கயிற்றை விட்டுவிட்டு வந்து மோருப்பைப் பார்த்தான். நேபாளத்துக்காரன், அதிகம் பேசாதவன்.

"என்ன மோருப்? சட்டம் உன்னோடது. சொல்லு."

"சட்டம் சட்டம்தான்" என்றான் மோருப். "ஜாக்கெட் இல்லாம ஆள் இறங்கக் கூடாது."

அந்த நேரத்தில் அவன் நெஞ்சு லேசானது நிஜம். தம்பியின் முகத்தில்கூட ஏதோ ஒன்று தளர்ந்த மாதிரி அவனுக்குத் தெரிந்தது. குன்ஸெஸ் அழுகிறாள், பாவம், ராத்திரி போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

இவ்வளவும் என்னவென்று பீம் பெல்ஜியத்துக்காரர்களுக்குச் சொன்னான். அதில் ஒருவர், ஆள் நல்ல மனசுக்காரர், தொந்தியும் தாடியுமாக இருந்தவர், அட இவ்வளவுதானா என்கிற மாதிரி கையை விரித்தார். படகுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்து, புத்தம் புதிய சிவப்பு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து பல்ஜோர் கையில் வைத்தார். தனக்கு வேறு இருக்கிறது, வைத்துக்கொள் என்று முதுகில் தட்டினார். உதவி செய்த சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது. ஊர் கைதட்டியது.

"அளவு சரியில்ல. தன் அளவுக்குத் தைச்சது வேணும், அதுதான் சட்டம்" என்றான் மோருப். அவன் குரல் அவனுக்கே வேறு மாதிரி கேட்டது.

"இறுக்கிப் பாக்கலாம்" என்றான் பீம்.

பல்ஜோர் அதைப் போட்டான். வார்களைக் கடைசி வரை இழுத்தான். மோருப் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். ஜாக்கெட் தம்பியின் காது வரைக்கும் வந்தது. தண்ணீருக்குள் இழுபடுகிறவனுக்கு இது என்ன செய்யும் என்று அங்கே இரண்டே பேருக்குத் தெரியும். முகத்தை மூடும், கையைக் கட்டும். பீம் ஒரு கயிறு எடுத்து முன்னாலும் பின்னாலும் கால் இடுக்கு வழியாகக் கோத்துக் கட்டினான். இழுத்துப் பார்த்தான். "நிக்கும்" என்றான்.

"எதுக்குடா இது? வேணாம்னு சொல்லேன்" என்று மோருப் தம்பியின் காதோடு சொன்னான்.

"எல்லாரும் பாக்கறாங்கண்ணே" என்றான் பல்ஜோர். வாரின் நுனியைக் கொக்கியில் சொருகினான். மாட்டவில்லை, நழுவிற்று. மறுபடி சொருகினான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஜாக்கெட் புல்லுக்குள் இருக்கிறது, நான்தான் வைத்தேன் என்று ஒரே வாக்கியம். ஆனால் சொன்னால் பல்ஜோர் அதைப் போட்டுக்கொண்டு போவான், நிச்சயம் போவான். சொல்லாவிட்டால் ஒருவேளை, இந்தக் கொக்கி இன்னொரு தடவை நழுவினால், அவனாகவே நின்றுவிடக்கூடும். மோருப் அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொக்கி மாட்டிக்கொண்டது. பல்ஜோர் போய் அம்மாவின் முன்னால் குனிந்தான். அம்மா கழுத்தில் துணி போட்டு நெற்றியோடு நெற்றி வைத்தாள். எழுந்து வந்து கயாக்கில் உட்கார்ந்து, தண்ணீர் புகாமலிருக்க இடுப்புத் துணியை இழுத்துப் படகின் வாயை மூடினான்.

"இரு" என்றான் மோருப். "இருடா. நான் வர வரைக்கும் போகாத." சொல்லிவிட்டு ஓடினான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எதையோ மறந்துவிட்டான் என்று நினைத்தார்கள். குன்ஸெஸ் வீட்டு ஏணியில் ஒற்றைக் கையால் ஏறுவது சுலபமா? ஏறினான். புல்லை வாரி வாரி வெளியே போட்டான். எந்த அடுக்கில் வைத்தோம் என்பது மறந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையையும் விட்டுத் தோண்டினான், தோளில் உயிர் போனது. மஞ்சள் தெரிந்து, இழுத்து எடுத்து நிமிர்ந்தபோது கூரையிலிருந்து ஆறு தெரிந்தது. படகுகள் நடு ஆற்றில் இருந்தன.

பீமைக் குற்றம் சொல்ல முடியாது. மத்தியானம் சாய்ந்தால் பள்ளத்தாக்கிலிருந்து எதிர்க்காற்று கிளம்பும். அது பிடிப்பதற்கு முன்னால் முதல் தங்குமிடத்தில் சேர வேண்டும். மோருப் அடுப்படியில் போட்ட திட்டத்திலேயே அது இருந்தது. யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று பீமிடம் அழுத்திச் சொல்லியிருந்தவனும் அவன்தான்.

கரையோரமாக ஓடினான். வயல் முடிந்து மணல், மணல் முடிந்து சரளைக் கல். ஆறு அவனைவிட வேகமாக ஓடியது. முன்னால் சிவப்புப் புள்ளியாகத் தம்பி தெரிந்தான். "பல்ஜோர்" என்று கத்தினான். அந்த இரைச்சலில் அவன் குரல் அவன் வாயைத் தாண்டவில்லை. ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினான். பாறைச் சுவர் ஆற்றில் இறங்குகிற இடத்தில் வழி முடிந்தது. அங்கே நின்று ஆட்டினான். வளைவில் திரும்புவதற்கு முன்னால் பல்ஜோர் ஒரு தடவை பின்னால் பார்த்தான். அண்ணன் மஞ்சள் துணி ஆட்டி வழியனுப்புகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். துடுப்பை உயரத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மோருப் திரும்பி நடந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முதலில் குன்ஸெஸ் வீட்டுக்குப் போனான். கையில் இருந்ததைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உன் கையாலயே திருடிட்டு, என்ன ஊர் முன்னால அழ வச்சிட்ட இல்ல தம்பி" என்றாள். திட்டக்கூட இல்லை, அதுதான் அவனைச் சுட்டது. "இனிமே அது என் வீட்டுக்குள்ள வராது. கொண்டு போ."

சொந்த வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். மோருப் படிக்குக் கீழே நின்றான்.

"நான்தாம்மா எடுத்தேன்."

"தெரியும். ஏணியவிட்டு இறங்குறப்பவே பாத்தேன், தலை பூரா புல்லு." அம்மா அவனைப் பார்க்கவில்லை, ஜாக்கெட்டைத்தான் பார்த்தாள். "அத உள்ள கொண்டு வராத."

"வெளியில போட்டுடவா?"

"கிளம்புன பொருள எவனாவது நடுவழியில போடுவானா? கையில வச்சுக்க."

குன்ஸெஸ் வீட்டில் இடமில்லை, தன் வீட்டில் இடமில்லை, தரையில் வைக்கவும் கூடாது. மோருப் வாசலுக்கு வெளியே குட்டைச் சுவரில் மடியில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்தான். அம்மா கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இன்னொரு கம்பளியோடு வந்து தானும் உட்கார்ந்தாள். சில்லிங்கிலிருந்து சேதி படுமுக்கு வந்து, படுமிலிருந்து ஒரு ஆள் இங்கே வந்து சொல்ல நாளாகும். அது வரைக்கும் எந்தத் தேவதையைக் கூப்பிட்டாலும் பள்ளத்தாக்குக்குள்ளிருந்து பதில் வராது.

விடிந்து, வெயில் ஏறியது. அம்மா உள்ளே போனாள். தேநீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தான். வந்தபோது அவள் கையில் அடுப்புச் சாம்பல் இருந்த தட்டு இருந்தது. அதை அவன் காலடியில் கொட்டினாள். மடியிலிருந்து கூழாங்கற்களையும் வாதுமைக் கொட்டைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"போடு" என்றாள். "எங்க இருக்கான்னு காட்டு."

மோருப் குனிந்து விரலால் ஆற்றை இழுத்தான். கழுத்து வரும் இடத்தில் இரண்டு கல்லை நெருக்கி வைத்தான். தன் திட்டத்தை அவன் மனப்பாடமாக அறிவான். காலையில் எங்கே அவிழ்ப்பார்கள், எங்கே ஒதுங்குவார்கள், எப்போது எதைத் தாண்டுவார்கள் என்று சூரியனைப் பார்த்தே சொல்லிவிடுவான். பீம் அதில் ஒரு துளியும் மாற்ற மாட்டான். சின்னக் கொட்டையை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது கொட்டை அந்த இரண்டு கல்லுக்கு முன்னால் வந்து நின்றது.

"இதான் அந்த எடமா?" என்றாள் அம்மா. அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் சுவரை ஒட்டி நடந்து பார்த்தவள்தானே.

"ஆமாம்மா."

"இப்ப அங்க இருக்கானா?"

"இந்நேரம்தான்."

"சரி, தள்ளு."

மோருப் கொட்டைமேல் விரலை வைத்தான். திட்டப்படி தள்ள வேண்டியதுதான், இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம். அவனால் முடியவில்லை. தள்ளினால் தான் பொய் சொல்வதாகவும் தள்ளாவிட்டால் தம்பியை அங்கேயே பிடித்து வைத்திருப்பதாகவும் அவனுக்குத் தோன்றியது. விரல் அப்படியே இருந்தது.

"தள்ளுடா."

"தெரியலம்மா" என்றான். "தாண்டிட்டானான்னு எனக்குத் தெரியல."

பள்ளத்தாக்கிலிருந்து மத்தியானக் காற்று கிளம்பி ஊருக்குள் வந்தது. சாம்பல் ஓரத்தில் கலைந்து புகைந்தது, ஆற்றின் ஒரு வளைவு காணாமல் போயிற்று. அம்மா சட்டென்று அங்கியின் விளிம்பை இழுத்துக் காற்றுக்குக் குறுக்கே மண்டியிட்டாள். அது போதவில்லை. மோருப் மடியிலிருந்த ஜாக்கெட்டை எடுத்து, தரையில் படாமல், இரண்டு கையாலும் விரித்து அவள் பக்கத்தில் காற்றுக்குத் தடுப்பாகப் பிடித்தான். வலது தோள் வலித்தது. பிடித்துக்கொண்டே இருந்தான்.